இசைக் கேள்வி – பதில்: வியன்னாவின் கண்டிப்பான ஆசிரியர்

சென்ற இதழில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் அன்டன் புரூக்னரின் சிம்பொனிகளைப் பற்றி எழுதியபோது, அவருக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஹார்மனியும் (சுரங்களைச் சேர்ந்தொலிக்கச் செய்யும் முறை) கவுன்டர்பாயின்ட்டும் (தனித்தனி மெட்டுகளை ஒன்றாகப் பின்னும் முறை) கற்பித்த சீமோன் செக்டர், அந்தக் காலம் முழுவதும் சொந்தமாக எதையும் இயற்றக் கூடாது என்று தடை விதித்திருந்தார் என்பதை ஒரே வரியில் சொல்லிச் சென்றோம். அந்த ஒரு வரியைப் பற்றியே கடிதங்கள் பல வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் செக்டருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் மேற்கத்திய இசைக் கோட்பாடு கற்கும் கல்லூரி மாணவி. ஹார்மனி, கவுன்டர்பாயின்ட் இரண்டும் முடியும்வரை சொந்தமாக எதையும் இயற்றக் கூடாது என்று என் ஆசிரியரும் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட தடை கற்பனையை வற்றச் செய்துவிடாதா? — வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: புரூக்னரின் கற்பனை வற்றவில்லை என்பது உறுதி. ஆனால் தடை விதித்ததால்தான் அவர் பெரிய இசையமைப்பாளரானார் என்று யாராவது அவரை உதாரணமாகக் காட்டினால், அந்தத் தடை யார்மேல், எப்போது, எந்த விதத்தில் விதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செக்டரிடம் போனபோது புரூக்னர் கற்றுக்குட்டி அல்லர். 1824-இல் மேல் ஆஸ்திரியாவின் ஆன்ஸ்ஃபெல்டன் கிராமத்தில் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்த அவர், சங்க்ட் ஃபுளோரியன் மடாலயத்தில் பணிபுரிந்த காலத்திலேயே, 1849-இல் ஒரு ரெக்குவியத்தையும் (இறந்தோருக்கான திருப்பலி இசை) 1854-இல் ஒரு பெரிய மிஸ்ஸா சொலெம்னிஸையும் (சிறப்புத் திருப்பலி இசை) இயற்றி முடித்திருந்தார். 1855 ஜூலையில் அந்த மிஸ்ஸாவை எடுத்துக்கொண்டு வியன்னாவுக்குச் சென்று, செக்டரிடம் காட்டி, தம்மை மாணவராக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். அப்போது அவருக்கு வயது 30, செக்டருக்கு 66. தாம் எழுதியவற்றில் அடித்தளம் எங்கே ஆட்டம் காண்கிறது என்று உணர்ந்த ஒருவர், தாமே தேடிப்போய் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு அது. இன்னும் ஒரு மெட்டைக்கூட எழுதிப் பார்க்காத இளம் மாணவர்மேல் சுமத்தப்படும் தடையை இதற்கு இணையாக வைக்க முடியாது.

அடுத்து, பாடம் நடந்த விதத்தைக் கவனியுங்கள். அதே ஆண்டின் இறுதியில் புரூக்னர் லின்ஸ் நகரப் பேராலயத்தின் ஆர்கன் கலைஞராகப் பொறுப்பேற்றார். வியன்னாவுக்கும் லின்ஸுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1858 இறுதியில்தான். ஆகவே பெரும்பாலான பாடங்கள் அஞ்சல் வழியாகவே நடந்தன. லின்ஸிலிருந்து பயிற்சிகள் போகும், திருத்தங்கள் திரும்பி வரும். தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பு குறைவு என்பதால், அந்த வாரங்களில் புரூக்னர் விடுப்புப் பெற்று வியன்னாவுக்குச் சென்று, ஆசிரியரின் எதிரில் அமர்ந்து கற்றார். ஒரு முறை அவர் 17 நோட்டுப் புத்தகங்கள் நிறையப் பயிற்சிகளை எழுதி அனுப்பினார். அதைப் பார்த்த செக்டர், இவ்வளவு உழைத்தால் உடல் தாங்காது, சற்று ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினார். கண்டிப்புக்குப் பெயர்போன ஒருவர் மாணவரின் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதிய அந்தக் கடிதத்தை, அவருடைய தடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். தடை போடுவது எளிது. 17 நோட்டுப் புத்தகங்களையும் வாங்கிப் படித்துத் திருத்துகிற ஆசிரியர் கிடைப்பதுதான் அரிது. செக்டரின் கண்டிப்பு மாணவரைப் போலவே ஆசிரியரையும் உழைக்க வைத்த கண்டிப்பு.

அந்தத் தடைக்கு ஒரு முடிவும் இருந்தது. ஹார்மனிக்கு 1858-இல், எளிய கவுன்டர்பாயின்ட்டுக்கு 1859-இல், இரட்டை, மும்மை, நான்மடிக் கவுன்டர்பாயின்ட்டுக்கு 1860-இல், கேனன், ஃபியூக் (ஒரே கருப்பொருளை, அதாவது மெட்டை, ஒவ்வொரு குரலும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவங்கள்) ஆகியவற்றுக்கு 1861 மார்ச்சில் என்று படிப்படியாகச் சான்றிதழ் கொடுத்து, செக்டர் அவரை விடுவித்தார். இந்த ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில படைப்புகளைத் தவிர புரூக்னர் எதையும் எழுதவில்லை. விடுதலை கிடைத்த சில வாரங்களிலேயே, 1861 மே 12 அன்று, ஏழு குரல்களுக்காக அவர் எழுதிய ‘ஆவே மரியா’ லின்ஸ் பேராலயத்தில் பாடப்பட்டது. மூன்று பெண்குரல் பகுதிகளும் நான்கு ஆண்குரல் பகுதிகளும் முதலில் தனித்தனியே ஒலித்து, பின்னர் இயேசுவின் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒன்றுசேரும்போது எழும் அந்த ஒலி, 1854-ஆம் ஆண்டு மிஸ்ஸாவில் எங்கும் இல்லாதது. வற்றிய கற்பனையிலிருந்து அப்படி ஒன்று பிறந்திருக்க முடியாது.

அதே ஆண்டு நவம்பரில், தாம் கற்றதைச் சான்றோர் குழு ஒன்று சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்று புரூக்னரே கேட்டுக்கொண்டதால், வியன்னாவின் பியாரிஸ்ட் ஆலயத்தில் ஒரு தேர்வு நடந்தது. செக்டர் நான்கு அளவுகளில் (தாள ஆவர்த்தனம் போன்ற பகுதிகளில்) ஒரு கருப்பொருள் எழுதிக் கொடுத்தார். குழுவில் இருந்தவர் ஒருவர் அதை எட்டு அளவுகளாக நீட்டிக் கடினமாக்கினார். புரூக்னர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஆர்கனில் அமர்ந்து அதன்மேல் ஒரு ஃபியூக்கை அங்கேயே உருவாக்கி வாசித்தார். குழுவில் இருந்த இசை நடத்துனர் யோஹான் ஹெர்பெக், அவர்தாம் நம்மைச் சோதித்திருக்க வேண்டும் என்ற பொருளில் சொன்ன சொல் இன்றும் புகழ்பெற்றது.

உங்கள் ஆசிரியரிடம் இரண்டு செய்திகளைப் பணிவோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: தடை எந்தப் பாடத்தோடு முடிகிறது, நீங்கள் எழுதும் பயிற்சிகளை அவர் எவ்வளவு விரைவில் திருத்தித் தருவார். இவ்விரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்குமானால், எழுதாமல் இருக்கும் காலத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விடை கிடைக்காவிட்டால், சொந்தமாக எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: செக்டர் அப்படி என்னதான் கற்பித்தார்? கர்நாடக இசை மட்டும் தெரிந்தவர்களுக்கும் புரியும்படி சொல்ல முடியுமா? — வாசகர், கும்பகோணம்.

பதில்: முயல்கிறேன். எந்தக் கார்டு (ஒரே சமயத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டம்) ஒலித்தாலும் அதற்கு ஓர் அடிச்சுரம் உண்டு. மேலே எத்தனை குரல்கள் எப்படி அசைந்தாலும், அந்த அடிச்சுரங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நகர்கின்றன என்பதே இசையின் உண்மையான ஓட்டம் என்பது அவருடைய கொள்கை. பிரான்ஸ் நாட்டு ராமோவும் பின்னர் ஜெர்மானியரான கிர்ன்பெர்கரும் வகுத்த வழி அது. அடிச்சுரம் ஐந்தாம் சுரத்துக்கோ மூன்றாம் சுரத்துக்கோ இறங்குவதுதான் இயல்பு என்றார் செக்டர். அப்படியானால் ஸட்ஜத்திலிருந்து நேராகப் பக்கத்து ரிஷபத்துக்கு அடிச்சுரம் போகும் இடங்களை என்ன செய்வது? அங்கே இடையில் ஒரு தைவதம் ஒளிந்திருக்கிறது என்று அவர் கற்பித்தார்: ஸட்ஜத்திலிருந்து கீழே தைவதத்துக்கு இறங்கி, அங்கிருந்து ஐந்து சுரம் இறங்கி ரிஷபத்தை அடைவதாக மாணவர் மனத்துக்குள் கேட்க வேண்டும். காதில் விழாத சுரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொன்ன இந்தப் பாடம்தான் அவருடைய பாடங்களுள் மிக ஆழமானது என்பது என் எண்ணம்.

இன்னொன்று சுருதியைப் பற்றியது; இது உங்களுக்கு உடனே விளங்கும். ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 3/2. சங்கராபரணத்தின் சுரங்களை இயற்கைச் சுருதியில் வைத்தால் ரிஷபம் 9/8, தைவதம் 5/3 ஆகும். ரிஷபத்தை ஸட்ஜமாகக் கொண்டு பார்த்தால் தைவதம் அதற்குப் பஞ்சமமாக அமைய வேண்டும். ஆனால் கணக்கிட்டால் வருவது 40/27, அதாவது 3/2-ஐவிட 81/80 என்ற சிறு விகிதம் குறைவு. ஆகவே ரிஷபத்தின்மேல் எழும் கார்டில் உள்ள அந்தத் தைவதத்தைத் தூய சுரமாக நடத்தக் கூடாது. முந்தைய கார்டிலேயே அதே குரலில் அதை ஒலிக்கச் செய்து ஆயத்தப்படுத்தி, பிறகு ஒரு படி கீழே இறக்க வேண்டும் என்று செக்டர் விதித்தார். அவர் காலத்துப் பியானோவில் இந்த வேறுபாடு ஒலிப்பதே இல்லை. ஒலிக்காத ஒன்றுக்காக விதியா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. ஆனால் பாடகர் குழுவின் குரல்களுக்கு எழுதுகிறவர் இதைப் பழகிக்கொண்டால், அவருடைய பாடல்களில் சுருதி எளிதில் இறங்குவதில்லை. புரூக்னரும் பின்னாளில் ஆசிரியரானபோது இதே விதியைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். இந்தக் கொள்கைகளையெல்லாம் செக்டர் 1853, 1854 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

கேள்வி: ஷூபெர்ட்டும் செக்டரிடம் கற்றார் என்பது உண்மையா? நூற்றுக்கணக்கான பாடல்களை எழுதி முடித்தவருக்குக் கோட்பாட்டு ஆசிரியர் எதற்கு? — வாசகர், யாழ்ப்பாணம்.

பதில்: உண்மை, ஆனால் ஒரே ஒரு பாடம். 1828 நவம்பர் 4 அன்று, யோசஃப் லான்ஸ் என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து ஷூபெர்ட் செக்டரிடம் சென்றார். மார்புர்க் என்பவர் ஃபியூக் பற்றி எழுதிய நூல் பாடநூலாயிற்று. அடுத்த பாடத்துக்கு அவரால் வர இயலவில்லை. நவம்பர் 19 அன்று காலமானார். வயது 31. அந்த ஒரு பாடத்தையொட்டி அவர் எழுதிய ஃபியூக் பயிற்சித் தாள்கள் இன்றும் இருக்கின்றன. பாடல்களிலும் பியானோ இசையிலும் ஐரோப்பாவே பின்னாளில் வியந்த ஒரு கை, மாணவனைப் போல ஒரு கருப்பொருளுக்கு விடைப்பொருள் (அடுத்த குரல் அதை எடுத்துப் பாடும் வடிவம்) எப்படி அமைய வேண்டும் என்று வரிவரியாக எழுதிப் பார்த்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது.

எதற்காகப் போனார் என்பதற்கு அந்த ஆண்டு அவர் எழுதியவையே சான்று. 1828-இன் தொடக்கத்தில் நான்கு கைகளுக்கான (ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும்) எஃப் மைனர் ஃபேன்டசியாவை எழுதியபோது, அதன் இறுதிப் பகுதியில் ஒரு ஃபியூக்கைச் சேர்த்தார். ஜூன் மாதத்தில் நண்பர் ஃபிரான்ஸ் லாக்னரோடு பாடென் சென்றிருந்தபோது இருவரும் ஆளுக்கொரு ஃபியூக் எழுதி, மறுநாள் ஹைலிகன்கிராய்ஸ் மடாலயத்தின் ஆர்கனில் வாசித்தார்கள். அந்த லாக்னர் செக்டரின் மாணவர். அதே கோடையில் தொடங்கிய ஈ ஃபிளாட் மிஸ்ஸாவிலும் நீண்ட ஃபியூக்குகள் இருக்கின்றன. ஓர் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்த ஒருவர், அந்தத் திசையில் வியன்னாவிலேயே மிகுதியாக அறிந்தவரின் கதவைத் தட்டினார். ஷூபெர்ட்டுக்கு இது தேவையே இல்லை என்று சொல்கிறவர்கள் அவருடைய பெருமையைக் காப்பதாக நினைக்கிறார்கள். தமக்கு எது தேவை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

அவர் மறைந்த பின் செக்டர், ஷூபெர்ட்டின் பெயரில் உள்ள எழுத்துகளுள் ஜெர்மன் முறைப்படி சுரப்பெயர்களாகவும் அமைகிறவற்றை எடுத்துக் கருப்பொருளாக்கி, அவர் நினைவாக ஒரு ஃபியூக் எழுதி வெளியிட்டார். அஞ்சலி செலுத்துவதற்கும் அவர் அறிந்த மொழி அதுவே.

கேள்வி: செக்டர் 5,000 ஃபியூக் எழுதினார் என்கிறார்கள். ஒன்றைக்கூட நான் கேட்டதில்லையே? — வாசகி, மதுரை.

பதில்: நீங்கள் மட்டும் அல்ல, அநேகமாக யாரும் கேட்பதில்லை. 1788-இல் பொஹீமியாவின் ஃப்ரீட்பெர்க்கில் பிறந்து, 1804-இல் வியன்னாவுக்கு வந்து, பார்வையற்றோர் கல்வி நிலையத்தில் இசை கற்பித்து, பின்னர் அரசவை ஆர்கன் கலைஞராகி, 1851 முதல் வியன்னா கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், நாள்தோறும் ஒரு ஃபியூக்காவது எழுத வேண்டும் என்று நியமம் வைத்திருந்தார். அதனால்தான் அந்த எண்ணிக்கை. அவை பெரும்பாலும் பயிற்சிகள். தினமும் சாதகம் செய்கிற பாடகரின் அகார சாதகத்தை நாம் கச்சேரியில் கேட்க விரும்புவதில்லை. தாம் பெரிய இசையமைப்பாளர் அல்லர் என்பது ஓர் ஆசிரியருக்குக் குறையாகாது என்பதற்குச் செக்டரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பியானோ கலைஞர் தால்பெர்க், பதின்மூன்று வயதுப் பையனாக வியன்னாவுக்கு வந்த வயலின் கலைஞர் வியூடான், பேத்தோவனின் குறிப்பேடுகளை ஆராய்ந்த நோட்டெபோம் ஆகியோரும் அவரிடம் கற்றவர்களே. தம் கடைசி ஆண்டுகளில் வறுமையில் வாடி, 1867 செப்டம்பர் 10 அன்று அவர் காலமானார். மறு ஆண்டு கன்சர்வேட்டரியில் அந்த இடத்துக்கு வந்தவர் புரூக்னர்.

கேள்வி: இத்தனை ஆண்டுக் கட்டுப்பாடு புரூக்னருக்குத் தீமை எதுவும் செய்யவில்லையா? — வாசகர், சேலம்.

பதில்: செய்தது என்றே நினைக்கிறேன். சான்றிதழ் இல்லாமல் தம்மைத் தாமே நம்ப அவரால் முடியவில்லை. அந்தக் குணம் செக்டரிடம் போவதற்கு முன்பே அவரிடம் இருந்தது. ஆறு ஆண்டுப் படிப்பு அதைக் குறைக்காமல் வளர்த்தது. பின்னாளில் தம் சிம்பொனிகளின் கையெழுத்துப் பிரதிகளில் அளவுகளுக்குக் கீழே வரிசையாக எண்ணிட்டு, ஒவ்வொரு சொற்றொடரும் எத்தனை அளவு கொண்டது என்று சரிபார்த்தார்; முடித்துவிட்ட படைப்புகளில்கூட, இரு குரல்கள் விதிக்கு மாறாக இணையாக எட்டாம் சுரத்திலோ ஐந்தாம் சுரத்திலோ நகர்ந்துவிட்டனவா என்று தேடித் தேடித் திருத்தினார். அந்த உழைப்பை இன்னொரு சிம்பொனிக்குச் செலவிட்டிருக்கலாமே என்ற ஏக்கம் அவரை நேசிக்கிற எவருக்கும் வரும்.

செக்டர் கொடுக்காதவையும் உண்டு. சோனாட்டா வடிவம், வாத்தியங்களைக் கையாளும் முறை ஆகியவற்றைப் புரூக்னர் 1861 முதல் 1863 வரை லின்ஸ் நாடக அரங்கின் இசை நடத்துனரும் தம்மைவிடப் பத்து வயது இளையவருமான ஓட்டோ கிட்ஸ்லரிடம் கற்றார். வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ ஓப்பரா 1863-இல் லின்ஸில் மேடையேறியபோது அதைப் பக்கம் பக்கமாக அவரோடு ஆராய்ந்தவரும் கிட்ஸ்லரே. அதற்கு மறு ஆண்டு வந்த டி மைனர் மிஸ்ஸாவில்தான் நாம் அறிந்த புரூக்னரின் குரல் முழுமையாக ஒலிக்கிறது. செக்டர் தரையைக் கெட்டியாக்கினார், கிட்ஸ்லர் கதவைத் திறந்தார். கெட்டியான தரை இல்லாமல், வாக்னரிடம் கண்ட துணிச்சலான சுரப் பெயர்ச்சிகளை அவ்வளவு நிதானமாகப் புரூக்னர் கையாண்டிருக்க மாட்டார். அவருடைய சிம்பொனிகளில் மேலே எத்தனை எதிர்பாராத திருப்பங்கள் வந்தாலும், கீழே பேஸ் சுரம் தான் நிற்கும் இடத்தை ஒரு கணமும் மறப்பதில்லை.

கேள்வி: இருபதாம் நூற்றாண்டில் இப்படி யாரும் உண்டா? — வாசகர், கோலாலம்பூர்.

பதில்: பாரிஸின் இசை ஆசிரியை நாடியா பூலான்ஜே. 1964-இல் அவரிடம் வந்த இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் அமெரிக்காவில் ஜூலியார்டு பள்ளியில் படித்து முடித்தவர். இருந்தும் ஹார்மனியையும் கவுன்டர்பாயின்ட்டையும் அடிப்படையிலிருந்து மறுபடி எழுத வைத்தார் பூலான்ஜே. அதே பாரிஸில் ரவிசங்கரின் திரையிசையை எழுத்துக் குறியீட்டில் வடிக்கும் பணியில் ஈடுபட்டபோது, ரவிசங்கரிடமிருந்தும் அல்லா ரக்காவிடமிருந்தும் தாளக் கணக்கைக் கற்றார் கிளாஸ். அமெரிக்காவின் ஆரோன் கோப்லாண்ட், அர்ஜென்டினாவின் பியாசோல்லா, கிளாஸ் ஆகிய மூவரும் பூலான்ஜேயின் மாணவர்கள். மூவரின் இசையும் ஒன்றையொன்று சிறிதும் ஒத்திருக்கவில்லை.

கேள்வி: செக்டரின் பாடம் புரூக்னரிடம் என்னவாயிற்று என்பதைக் காதால் அறிய எதைக் கேட்க வேண்டும்? — வாசகி, திருச்சி.

பதில்: முதலில் மேலே சொன்ன 1861-ஆம் ஆண்டு ‘ஆவே மரியா’, ஏறத்தாழ நான்கு நிமிடம்தான். பிறகு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்க முடிகிற நாளில் ஐந்தாம் சிம்பொனி. 1875-இல் தொடங்கி 1878-இல் அவர் முடித்த அந்தச் சிம்பொனியின் இறுதிப் பகுதியைக் கூர்ந்து கேளுங்கள். முந்தைய பகுதிகளின் கருப்பொருள்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, கிளாரினெட் மட்டும் எட்டுச் சுரம் தாவும் ஒரு சிறு வடிவத்தால் குறுக்கிடும். அதுவே ஃபியூக்கின் கருப்பொருளாகி, தந்திக் கருவிகளில் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். பின்னர் பித்தளைக் கருவிகள் தேவாலயப் பாடல் போன்ற ஒரு கோராலை வாசிக்கும். அதையும் இன்னொரு ஃபியூக்காக்கி, இரண்டையும் ஒரே சமயத்தில் பின்னுவார் புரூக்னர். செக்டருக்கு அனுப்பிய நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பழகிய இரட்டைக் கவுன்டர்பாயின்ட் அதுதான்; ஆனால் பாடத்தின் வாசனை எங்கும் இராது.

கேட்கும்போது பதிப்பைக் கவனியுங்கள். 1894 ஏப்ரல் 8 அன்று கிராஸ் நகரில் இதை முதன்முதலாக நடத்திய ஃபிரான்ஸ் ஷால்க் வெட்டுகளும் மாற்றங்களும் செய்திருந்தார். நோய்வாய்ப்பட்டிருந்த புரூக்னரால் அங்கே செல்ல முடியவில்லை. இந்தச் சிம்பொனியை ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. அவர் எழுதியபடியே உள்ள இசையைத் தருவன ராபர்ட் ஹாஸ், லியோபோல்ட் நோவாக் ஆகியோரின் பதிப்புகள். இசைத்தட்டின் உறையிலோ இணையத்தில் விவரக் குறிப்பிலோ அவ்விருவரில் ஒருவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.